ஐந்து பேர் ஏறினால் உரசும் டயர்

1

கடல் தாண்டிப் போனவர்கள்தான் இப்படிக் குறிப்புகள் எழுத வேண்டும் என்றால் எனக்குத் தகுதி இல்லை. நான் தாண்டியது அத்திப்பள்ளி டோல்கேட் ஒன்றைத்தான். ஆனால் டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம் பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறிவிடுகிறது. எழுத்து மாறிய இடத்தை வெளிநாடு என்று சொல்வதில் பெரிய தப்பில்லை என்பது என் கட்சி.

பெங்களூர் வந்து இந்த மாதத்தோடு ஆறு வருடம் ஆகிறது. நான் மறந்திருந்தேன், முருகேசன்தான் நினைவுபடுத்தினான். எங்கள் ஊர் ஆலங்காயத்து அரசுப் பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது அங்கேயே மாங்காய் மண்டியில் இருக்கிறான். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறானாம். வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தான்.

"டேய், நீ போயி ஆறு வருசம் ஆச்சு, ஒரு தபா கூட உன்ன ஒண்ணும் கேட்டதில்ல. இப்ப கேக்கறேன். வண்டிக்கு அலாய் வீல் போடணும், டயரும் மாத்தணும். சீப்பா முடியணும், ஆனா வண்டிக்குக் கரெக்டா உக்காரணும். நீதான் படிச்சவன். அளவெல்லாம் பாத்து சொல்லு."

அளவு பார்ப்பதுதான் என் தொழிலே. பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளர். நாள் முழுக்க இரும்புப் பாகங்களை அளந்து, வரைபடத்தில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் பச்சை மை, தவறாக இருந்தால் சிவப்பு மை வைப்பேன். அப்படிப்பட்ட நான் என் சொந்தச் சக்கரத்தில் கோட்டைவிட்ட கதையை முருகேசனுக்கு மட்டும் சொல்லுவானேன், எல்லோருக்குமே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

என் தங்கை கவிதாவை இதே பெங்களூரில் ஆஸ்டின் டவுனில் கொடுத்திருக்கிறோம். மூன்று தலைமுறையாக அங்கே இருக்கிற தமிழ்க் குடும்பம். அவள் மாமியார் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். நல்ல மனுஷி. கல்யாணத்துக்கு எங்கள் ஜனம் வாடகை டெம்போவில் வந்து இறங்கியபோது, அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "பொண்ணு வீட்ல சொந்தமா ஒரு வண்டி கூட இல்லியா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் மணமேடையில் இருந்த கவிதாவின் காதில் அது விழுந்துவிட்டது.

ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்கு நாள் குறித்ததும் எனக்கு ஃபோன் செய்தாள்.

"அண்ணா, வளையல் போட்டு முடிச்சதும் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கினு போவாங்க இல்ல, அப்போ நீதான் வண்டி எடுத்துக்கினு வரணும். இவங்க வண்டி வேணாம், பஸ்ஸு வேணாம். நம்ம வண்டில, நம்ம எல்லாரும் ஒண்ணா போகணும்."

நம்ம வண்டி என்று அவள் சொன்னது, நான் அதற்கு முந்தின வருடம் வாங்கிய பழைய சின்னக் கார். அது எங்கள் வம்சத்திலேயே முதல் கார். அதன் நான்கு டயரும் வழுக்கையாகிவிட்டிருந்தன. மழை பெய்தால் பிரேக் போட்ட இடத்துக்கும் வண்டி நிற்கிற இடத்துக்கும் சம்பந்தம் இருக்காது. பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு நூற்றெழுபது கிலோமீட்டர் அதில் போக முடியாது. புது டயர் வேண்டும். அதோடு, அந்தப் பெரியவர் கண்ணில் படுகிற மாதிரி நல்ல சக்கரமும் இருந்தால் தேவலை.

3

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். பஸ் போர்டு, மாத்திரை அட்டை, ரேஷன் கடைச் சீட்டு, கரண்ட் பில் எல்லாம் என் கைக்குத்தான் வரும். எழுத்து ஒட்டிய எதைக் கண்டாலும் அம்மா எடுத்து வைத்து, "இது இன்னா சொல்லுதுன்னு பாருடா" என்பாள். அதனால் எழுதியிருப்பதன் மேல் எனக்கு ஒரு நம்பிக்கை. எழுதியிருந்தால் அது உண்மை. படித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டயரின் பக்கவாட்டிலும் எழுதித்தான் இருக்கிறது. முருகேசா, உன் வண்டிப் பக்கம் போய்க் குனிந்து பார். என்னுடையதில் 155/80 R13 என்று இருந்தது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. கடைசி எண், சக்கரத்தின் விட்டம், இன்ச்சில். வேறு அளவுச் சக்கரம் போட்டாலும் டயரோடு சேர்த்த மொத்த உயரம் பழையதற்கு ஒட்டி வர வேண்டும். இல்லாவிட்டால் மீட்டர் காட்டுகிற வேகம் பொய்யாகிவிடும். அப்புறம் நான்கு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். முதல் இரண்டு, டயர் செய்த வாரம். அடுத்த இரண்டு, வருடம். பளபளவென்று இருக்கிறதே என்று கிழட்டு டயரை வாங்கிவிடாதே.

இவ்வளவையும் படிக்கத் தெரிந்த நான், இந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் கன்னட எண்ணைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் கேட்கும்போதெல்லாம் என் குரலில் அப்பா பேசுகிறார். டி.என். நம்பர் வண்டியை இந்த ஊர் நம்பருக்கு மாற்ற நான் அலைந்தது தனிக் கதை. வண்டிக்கு முகவரிச் சான்று கேட்டார்கள், முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள், ஒப்பந்தத்துக்கு வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும், அவர் மூன்று மாதம் தும்கூரில் இருந்தார். ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு படிவம். வரிசையில் நிற்கிற யாராவது இரக்கப்பட்டு எனக்காக வாசித்துக் கேட்பார்கள்: "மனெயல்லி எஷ்டு ஜனா?" வீட்டில் எத்தனை பேர் என்று அர்த்தம்.

"ஒப்னே" என்பேன். நான் ஒருத்தன்தான்.

கேஸ் இணைப்பு, வாடகை ஒப்பந்தம், இன்சூரன்ஸ் என்று ஆறு வருடத்தில் அந்தப் பதிலை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ. சந்தாபுராவில் என் ஒற்றை அறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். இதைச் சோகமாகச் சொல்லவில்லை. ஒருத்தனுக்குச் சமைப்பது சுலபம்.

4

ஜே.சி. ரோட்டில் சாதிக் பாய் என்பவரின் கடைக்குப் போனேன். இரண்டு ஆள் அகலக் கடை. சுவர் முழுக்கச் சக்கரம் தொங்கும். நான் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"க்யா தம்பி, நகை வாங்க வந்தியா?"

"அளந்துட்டு வாங்கறேன் பாய்."

"அளந்துக்க, அளந்துக்க. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறவன்கூட இவ்ளோ பாக்க மாட்டான்."

அவர் காட்டியது ஒரு பழைய செட். யாரோ புது வண்டி வாங்கியவுடன் இன்னும் பெரிய சக்கரம் போட்டுக்கொண்டு, இதைக் கழற்றிக் கொடுத்திருந்தார். பதினாலு இன்ச் அலாய், 175/65 டயரோடு. டயர் செய்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முள்ளு முள்ளாக இருந்த ரப்பர் மயிர்கூட அங்கங்கே மிச்சம் இருந்தது. நான்கு புது டயருக்கு ஆகிற விலையில் சக்கரமும் சேர்த்து. நட்டு ஓட்டைகளின் இடைவெளி என் வண்டிக்குப் பொருந்தியது. நடு ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருந்ததற்கு ஒரு வளையம் போட்டுச் சரிசெய்தார். மொத்த உயரத்தைக் கணக்குப் போட்டேன், பழையதைவிட ஐந்து மில்லிமீட்டர்தான் கூடுதல். மெஷினில் சுழற்றிப் பார்த்தோம், கோணல் இல்லை. மனதுக்குள் பச்சை மை வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு விஷயம். இந்தச் சக்கரம் பழையதைவிடப் பத்து மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும், டயரும் அகலம். அது எனக்கு அழகாகத்தான் பட்டது. கால் அகட்டி நிற்கிற பயில்வான் மாதிரி இருந்தது வண்டி. சாதிக் பாய் மட்டும் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார்.

"ரெண்டு விரல் போவுது. பரோபர், சரியா இருக்கு. ஆனா தம்பி, சோச்கே சொல்லு, நல்லா யோசிச்சு. வண்டில எத்தன பேரு உக்காருவீங்க?"

"நான் ஒருத்தன்தான், பாய்."

"டெய்லி?"

"டெய்லி."

"அப்போ கவலயே இல்ல. லோடு ஏறிச்சுன்னா பின்னாடி அமுங்கும், மட்கார்டுல தேய்க்கும். ஒருத்தன்னா சுகமா போ."

நான் பொய் சொல்லவில்லை, ஏமாற்ற நினைக்கவும் இல்லை. கவிதாவையும் வீட்டு ஆட்களையும் ஏற்றிப் போகத்தானே அந்தக் கடைக்கே போனேன்? ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் வாய் தன்பாட்டுக்குப் பதில் சொல்லிவிட்டது. ஐந்து வருடமாக எல்லாக் கவுண்டரிலும் சொன்ன பதில்.

பழைய இரும்புச் சக்கரங்களை மொட்டை மாடியில் போட்டேன். அடுத்த ஞாயிறு ஆனேக்கல் வரை ஓட்டிப் பார்த்து, எல்லா வேகத்தடையிலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, நோட்டில் 'சத்தம் இல்லை' என்று எழுதினேன். ஓட்டிப் பார்த்ததும் நான் ஒருத்தன்தான்.

5

வளைகாப்பன்று ஆஸ்டின் டவுனில் அந்தச் சக்கரம் செய்த வேலையை நான் மறக்க மாட்டேன். அப்பாவும் அம்மாவும், அப்பாவின் அக்காவான பச்சையம்மா அத்தையும் முந்தின நாளே அண்டா குண்டானோடு பஸ்ஸில் வந்துவிட்டார்கள். நான் மட்டும் காலையில் காரில் போனேன். மாமியார் வாசலுக்கே வந்து, "அய்யய்ய, சக்கரம் எவ்ளோ ஜோரா இருக்கு! ஹொஸதா?" என்றார். புதுசா என்று கேட்கிறார். கல்யாணத்தில் கேட்ட அதே பெரியவர் குனிந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, எங்கே வாங்கியது, எவ்வளவு என்று விசாரித்தார். நிமிர்ந்து பார்த்தேன். மாடி ஜன்னலில் கவிதா. இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். சிரிக்காத மாதிரி நின்றிருந்தாள்.

மதியம் ஆரத்தி எடுத்து அனுப்பினார்கள். முன்னால் அப்பா; பின்னால் அம்மா, கவிதா, அத்தை; டிக்கியில் ஐந்து வகைச் சோறு கிளறி வந்த பாத்திரங்கள். தெரு முனை வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்னால் 'கர்ர்க்' என்றது.

"குண்டான் உருளுது" என்றாள் அம்மா.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் குண்டானாக இருக்கட்டுமே என்று கொஞ்ச தூரம் வேண்டிக்கொண்டே ஓட்டினேன். மேம்பாலத்தில் சத்தம் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டிச் சாலை குலுங்கத் தொடங்கியதும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உரசியது. சந்தாபுரா வரும்போது ரப்பர் கருகுகிற வாசனை. என் தெரு முனையில் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின் டயர் இரண்டின் வெளி ஓரத்திலும் கத்தியால் சீவின மாதிரி கோடு விழுந்திருந்தது. இப்படியே போனால் ஹைவேயில் டயர் அறுந்துவிடும். உள்ளே இருப்பது என் தங்கை, ஏழு மாதம்.

6

முதலில் பாத்திரங்களை என் அறைக்குத் தூக்கிப் போனோம். திரும்ப எல்லோரும் ஏறி, தெரு வேகத்தடை வரை ஓட்டிப் பார்த்தேன். உரசியது. மொட்டை மாடியில் கிடக்கிற பழைய சக்கரத்தை மாட்டலாம் என்றால் அது வழுக்கை. வேறு டயர் வாங்கப் போனால் இருட்டிவிடும், அவளை எவ்வளவு நேரம் ரோட்டோரம் உட்கார வைப்பது? யோசித்துக்கொண்டே கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். பார்வை அத்தை மேல் விழுந்துவிட்டது.

"ஏன்டா என்ன பாக்கற? நான் உக்காந்துதான் உன் வண்டி அமுங்கிச்சா?"

"இல்ல அத்த, சும்மா..."

"சும்மாவா? டயர்ல எல்லாம் எழுதிக்கிதுன்னு அளந்தியே, பச்சையம்மா ஏறக்கூடாதுன்னு எழுதிக்கிதா? படி பாக்கலாம்."

அப்பா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். "வாக்கா, நாம ரெண்டு பேரும் பஸ்ல போயிடலாம். புள்ள இவங்கள பத்தரமா கூட்டிக்கினு வரட்டும்."

கவிதா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். வளையல்கூடச் சத்தம் போடவில்லை. பிறகு மெல்ல, "எல்லாரும் ஒண்ணா போகணும்னுதானே அண்ணா கேட்டேன்" என்றாள்.

"என் தப்புதாம்மா. இத்தினி பேர் வருவோம்னு நான் அங்க சொல்லவே இல்ல" என்றேன்.

அப்பாவும் அத்தையும் இறங்கி நின்றார்கள். நான் வண்டியை எடுக்கப் போனேன். அம்மா திடீரென்று கதவைத் திறந்து அவளும் இறங்கிவிட்டாள்.

"நான் வர்ல."

"ஏம்மா?"

"எண்ணிப் பாரு. நீ, அவ, நான். மூணு பேரா போறதா? நல்ல காரியம் முடிச்சு, புள்ளத்தாச்சிய வெச்சிக்கினு மூணு பேரா?"

எங்கள் பக்கத்தில் நல்லதுக்கு மூன்று பேராகக் கிளம்ப மாட்டார்கள். தவிர்க்க முடியாமல் போனால் ஒரு கல்லை எடுத்துக் கூட வைத்துக்கொண்டு நான்கு என்று கணக்குச் சொல்வார்கள். அத்தை உடனே ரோட்டோரம் குனிந்து எலுமிச்சை அளவு ஜல்லிக்கல் ஒன்றை எடுத்தாள். "இந்தா, நாலு."

"வளகாப்பு முடிச்ச பொண்ணு பக்கத்துல கல்லா? உனக்கு புத்தி கீதா அண்ணி?"

"அப்போ உன் புருசன, அதான் என் தம்பிய, ஏத்திக்கோ."

"அவரு ஏறினா மறுபடி உரசாதா? இன்னா பேசறன்னு தெரிஞ்சிதான் பேசறியா?"

அம்மாவும் அப்பாவும் மறுபடி ஏறினார்கள். ஓட்டிப் பார்த்தேன். குறைந்திருந்தாலும் உரசத்தான் செய்தது. இரண்டு பேரும் மறுபடி இறங்கினார்கள். கிருஷ்ணகிரி பஸ் ஒன்று வந்து நின்று, நாங்கள் சண்டை போடுவதைக் கண்டக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு விசில் கொடுக்க, போய்விட்டது. ஐந்து வருடம் இருந்த தெருவில் அன்றைக்குத்தான் எல்லோரும் என்னை வேடிக்கை பார்த்தார்கள். மளிகைக்கடைக்காரர் வெளியே வந்து, "உங்க வீட்ல இத்தன பேரா சார்? தனி ஆளுன்னு நெனச்சேன்" என்றார்.

அப்போது வளையல் சத்தம் கேட்டது. கவிதா காருக்குள் இருந்தபடியே கையை நீட்டி, ஒவ்வொரு விரலாக மடக்கினாள்.

"அண்ணன் ஒண்ணு. நீ ரெண்டு. நான் மூணு." கடைசி விரலை வயிற்றில் வைத்தாள். "இது நாலு. ஏம்மா, இதுக்குத்தானே இத்தினி வளையல் போட்டாங்க? என்ன மட்டும் இன்னும் ஒண்ணுன்னே எண்ணிக்கினு கீறியே!"

அத்தை கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, கவிதா பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, ஓர் ஆளுக்கு இடம் விட்டமாதிரி உட்கார்ந்தாள். "மெதுவா எட்ரா" என்றாள்.

அவ்வளவு மெதுவாக நான் எப்போதும் ஓட்டியதில்லை. நான்கு பேரும் சத்தமில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னாலேயே பஸ்ஸில் போய் இறங்கிவிட்ட அத்தை வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"வாங்க, வாங்க, அலாய் வீலு. நாங்க வந்து டீயே குடிச்சிட்டோம்."

7

முருகேசா, இதுதான் விஷயம். நட்டு ஓட்டை, நடு ஓட்டை, உயரம், வாரம், வருடம் எல்லாம் பார். பழைய செட் வாங்குவதில் தப்பில்லை, நல்லதாகக் கிடைக்கும். ஆனால் மாட்டியதும் கடை வாசலிலேயே வீட்டு ஆட்களை எல்லாம் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, அதற்கப்புறம் விரலை விட்டுப் பார். அலாயே வேண்டாம் என்று தோன்றினால் இரும்புச் சக்கரத்தில் புது டயர் போதும். கடைக்காரர் எத்தனை பேர் என்று கேட்டால் அவசரப்பட்டுப் பதில் சொல்லாதே.

கவிதாவுக்குப் பெண் பிறந்தது. ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் ஆஸ்டின் டவுனில் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. அதற்கு முந்தின வாரம், மொட்டை மாடியில் கிடந்த இரும்புச் சக்கரங்களை எடுத்துக்கொண்டு ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். சாதிக் பாய் அலாயைத் திருப்பி எடுத்துக்கொண்டார், சீவின டயருக்கு விலை குறைத்துத்தான். பழைய அளவிலேயே நான்கு புது டயர் மாட்டினார். குனிந்து விரலை விட்டார். நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தன பேரு தம்பி?"

"ஆறு பேர், பாய்."

"இந்த டப்பால ஆறா?"

"ஒருத்தி மடில உக்காருவா. அஞ்சு மாசம்."

"மாஷா அல்லா!" என்று சிரித்து, முழுக் கையையும் உள்ளே விட்டுக் காட்டினார். "இப்போ ஊரயே ஏத்து."

போன ஞாயிற்றுக்கிழமை ஆலங்காயத்திலிருந்து ஆறு பேரும் கிளம்பினோம். வாசலில் அம்மா ஒருமுறை, அத்தை ஒருமுறை எண்ணினார்கள். ஓசூர் தாண்டும்போது குழந்தை தூங்கிவிட்டது. இனி அவள் பாட்டு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பக்கத்து எழுத்தில்தான். மாமியார் இப்போதே "பங்காரா, பங்காரா" என்றுதான் ஃபோனில் கொஞ்சுகிறார். தங்கம் என்று அர்த்தம். அவளுக்குப் படிக்கத் தெரிந்ததும் பஸ் போர்டை அவளையே வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன்.

சந்தாபுராவில் என் தெரு முனை வேகத்தடை வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். யாரும் சொல்லவில்லை, ஆனால் வண்டிக்குள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறியது, இறங்கியது.

ஒன்றுமில்லை. குழந்தை விடுகிற மூச்சுதான் கேட்டது.

பின் சீட்டிலிருந்து அத்தை சொன்னாள்:

"இன்னாடா சத்தத்தையே காணோம்? நான் எளச்சிட்டேனா?"